மே தினக் கதையில் வராத ஒரு வக்கீல்

1923இல் சிங்காரவேலர் சென்னையில் மே தினம் கொண்டாடியதை வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அதற்கு மூலமான சிகாகோ கதையின் பிற்பகுதியைச் சொல்லப் பாடவேளை போதாது.

1886 மே 4. எட்டு மணி நேர வேலைக்கான போராட்டம் நடந்த நாட்கள். ஹேமார்க்கெட் கூட்டத்தில் போலீசார் மீது குண்டு விழுந்தது. எறிந்தவர் யாரென்று இன்றுவரை தெரியாது. ஆனாலும் எட்டுப் பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. நால்வரைத் தூக்கிலிட்டார்கள். ஒருவர் சிறையிலேயே உயிரை மாய்த்துக்கொண்டார். மீதி மூவர் சிறையில் கிடந்தார்கள்.

1893இல் இலினாய் மாநில ஆளுநரானார் ஜான் பீட்டர் ஆல்ட்கெல்ட். (அங்கே ஆளுநரை மக்கள்தான் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். நம் முதலமைச்சர் மாதிரி.) ஜெர்மனியில் பிறந்து கைக்குழந்தையாக அமெரிக்கா போனவர். பதினாறு வயதில் உள்நாட்டுப் போரில் சிப்பாய். பிறகு பள்ளி ஆசிரியர், நம்ம ஆள்! அப்புறம் வக்கீல், நீதிபதி.

மூவரையும் விடச்சொல்லி ஊர்ப் பெரிய மனிதர்களே மனுக் கொடுத்திருந்தார்கள். கருணை என்று ஒரு வரி எழுதியிருந்தால் பாராட்டியிருப்பார்கள். அவரோ வழக்குக் கட்டை வக்கீல் கண்ணோடு படித்தார். ஜூரிகளைப் பொறுக்கி எடுத்திருக்கிறார்கள், நீதிபதி ஒருதலையாக நடந்திருக்கிறார், குண்டு எறிந்தவனோடு இவர்களுக்குத் தொடர்பே நிரூபிக்கப்படவில்லை என்று விரிவாக எழுதி, ஜூன் 26 அன்று விடுதலை செய்தார். கருணையைப் பொறுத்துக்கொண்டிருப்பார்கள், காரணத்தைப் பொறுக்கவில்லை. பத்திரிகைகள் கிழித்தன.

மறுவருடம் ரயில்வே வேலைநிறுத்தத்தை அடக்க ஜனாதிபதி கிளீவ்லாந்து ராணுவத்தை அனுப்பியபோது, அதையும் எதிர்த்தார். 1896 தேர்தலில் தோற்றார். மறுபடி வக்கீல் தொழில். 1902இல் ஜோலியட் ஊரில் போயர்களுக்காக மேடையில் பேசியவர், மறுநாள் இறந்துபோனார். வயது 54.