கிளி எடுத்த சீட்டு

பொங்கலுக்குப் பெங்களூரிலிருந்து வந்த பேத்தி, பையிலிருந்து ஒரு சீட்டுக்கட்டை எடுத்துத் திண்ணையில் பரப்பினாள். "தாத்தா, கண்ணை மூடிட்டு ஒரு சீட்டு எடுங்க" என்றாள். எடுத்தேன். கையில் விளக்கும் கோலுமாக ஒரு கிழவன் மலைமேல் நிற்கிற படம். துறவியாம். "உங்களுக்குப் பொருத்தமா வந்திருக்கு" என்று சிரித்தாள். டாரட் என்று பெயர். விலை கேட்டேன், இரண்டாயிரம் ரூபாய் என்றாள்.

"இதை நாங்கள் நாலணாவுக்குப் பார்த்திருக்கிறோம், கிளி எடுத்துக் கொடுக்கும்" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. என் வயது வாசகர்களுக்குப் புரியும். கிளி ஜோசியம் என்றால் நாம் எல்லோரும் கிளியைத்தான் பார்த்தோம். அந்தச் சீட்டுக்கட்டை யாரும் சரியாகப் பார்க்கவில்லை. நானும்தான். அந்தக் குறையைத் தீர்க்கவே இதை எழுதுகிறேன்.

முதலில் பேத்தியின் கட்டு. டாரட் பிறந்தது 15-ஆம் நூற்றாண்டில், வட இத்தாலியில். மிலான் பிரபுக்களின் வீட்டில் தங்க ரேக் வைத்துக் கையால் வரைந்த சீட்டுகள் அவை. அன்றைக்கு அது வெறும் விளையாட்டு. ஜோசியமே கிடையாது. 1781-இல்தான் பாரிஸில் ஒருவர், இது எகிப்துக் கோயில் பூசாரிகளின் ரகசியப் புத்தகம் என்று ஆதாரமில்லாமல் எழுதி வைத்தார். அதற்குப் பிறகே குறி சொல்லும் சீட்டாக அது பரவியது. இன்று உலகம் முழுக்க அதிகம் பழகும் கட்டு 1909-இல் லண்டனில் வெளியானது. மொத்தம் 78 சீட்டுகள். ரைடர் என்ற பதிப்பாளர் பெயரும், வெயிட் என்ற ஆசிரியர் பெயரும் அதற்கு நிலைத்துவிட்டன. எல்லாப் படங்களையும் வரைந்த பமேலா கோல்மன் ஸ்மித் என்ற பெண்மணியின் பெயர் வெகுகாலம் விடுபட்டுப் போயிற்று. சொற்பக் கூலிக்கு வரைந்து கொடுத்தவர், 1951-இல் வறுமையிலேயே இறந்தார்.

நம் நாட்டிலும் சீட்டுக்குக் குறைவில்லை. கஞ்சிஃபா என்று வட்டச் சீட்டு உண்டு. பாபர் 1527-இல் சிந்து தேசத்து நண்பருக்கு ஒரு கட்டு அனுப்பி வைத்திருக்கிறார். அது பிறகு நம் சாமிகளையும் ஏற்றுக்கொண்டு தசாவதாரச் சீட்டாயிற்று. பத்து அவதாரம், அவதாரத்துக்குப் பன்னிரண்டாக 120 சீட்டு. மைசூர் மும்மடி கிருஷ்ணராஜ உடையார் தாமே பல சீட்டாட்டங்களை வகுத்திருக்கிறார். இவையெல்லாம் இன்று அருங்காட்சியகங்களில் கண்ணாடிக்குள் பத்திரமாக இருக்கின்றன. அரண்மனைச் சரக்கு அல்லவா! தெருவில் கிடந்த சீட்டுக்கு அந்த யோகம் இல்லை.

குறி கேட்பது நமக்குப் புதிதல்ல. சங்க காலத்திலேயே கட்டுவிச்சி முறத்தில் நெல்லைப் பரப்பி எண்ணிக் குறி சொன்னாள். வேலன் கழங்கு போட்டுப் பார்த்தான். நம் தஞ்சையில் இரண்டாம் சரபோஜி மன்னர்மேல் பாடிய சரபேந்திர பூபாலக் குறவஞ்சியைப் பெரிய கோயிலிலேயே ஆடினார்கள். அதிலும் குறத்திதானே குறி சொல்கிறாள்? பஞ்சாங்கத்தில் ராமர் சக்கரம், சீதை சக்கரம் என்று கட்டம் போட்டிருப்பார்களே, கண்ணை மூடி விரல் வைத்த ஞாபகம் பலருக்கு இருக்கும். மீனாட்சி கையிலும் ஆண்டாள் கையிலும் கிளி. இத்தனையும் ஒன்றுசேர்ந்து மரத்தடிக்கு வந்ததுதான் கிளி ஜோசியம்.

இனி எங்கள் ஊர்க் கதை. 1966. எனக்குப் பதினாறு வயது. என் தாய்மாமா நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பல் ஏறிப் பினாங்கு போனவர். மாதம் ஒரு கடிதம் தவறாது. திடீரென்று எட்டு மாதமாக ஒன்றுமில்லை. அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. அப்பாவுக்கு ஜோசியமே ஆகாது. அவர் வயலுக்குப் போன நேரம் பார்த்து என்னைக் கூட்டிக்கொண்டு கோயில் வாசல் வேப்பமரத்தடிக்குப் போனாள்.

ஜோசியர் கூண்டைத் திறந்து, "மகாலட்சுமி, வாம்மா. இந்தத் தாயார் பேருக்கு நல்ல சீட்டா ஒண்ணு எடுத்துக் கொடு" என்றார். கிளி நடந்து வந்து, ஒவ்வொரு சீட்டாக அலகால் இழுத்துத் தள்ளியது. அவர் விரலிடுக்கில் நெல்மணி தெரிந்ததும் நின்றது. அதை அன்றே கவனித்துவிட்டேன். உறையிலிருந்து அவர் பிரித்த படத்தில் அசோகவனத்தில் சீதை, எதிரே கணையாழியோடு அனுமார். "சேதி கடல் தாண்டி வந்துக்கிட்டு இருக்கு தாயி. சீதையே காத்திருந்தா, நீங்க காத்திருக்கக் கூடாதா?" என்றார்.

அன்று ராத்திரி அம்மா சாப்பிட்டாள். கடிதம் உடனே வரவில்லை. இன்னும் ஐந்து மாதம் ஆயிற்று. மாமா ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறார். கிளிக்கு இது தெரியுமா என்றால், தெரியாது. ஆனால் அந்த ஐந்து மாதமும் அம்மாவைத் தாங்கியது அந்தப் படம்தான். பிற்பாடு 36 வருஷம் தபால் இலாகாவில் வேலை பார்த்தேன். "எனக்கு ஏதாவது வந்திருக்கா?" என்று கேட்டு நின்ற முகங்களைப் பார்க்கும்போதெல்லாம் அந்தச் சீட்டு ஞாபகம் வரும். இல்லை என்று சொல்லத்தான் எனக்குத் தெரியும். காத்திரு என்று சொல்ல அவருக்குத் தெரிந்திருந்தது.

இப்போது கிளி ஜோசியம் அருகிவிட்டது. நியாயமும் அதுதான். 1972-ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி நம் பச்சைக்கிளியைப் பிடிப்பதும் கூண்டில் வைப்பதும் குற்றம். இறகை வெட்டி அடைத்து வைத்த கிளி அது; அன்று நமக்கு அது உறைக்கவில்லை. 2024 தேர்தலில் கடலூர் வேட்பாளர் தங்கர் பச்சான் பிரசாரத்தின்போது கிளி ஜோசியம் பார்த்த செய்தி வந்ததே, ஜெயிப்பார் என்று ஜோசியர் சொன்னார். வனத்துறை வந்து கிளிகளை எடுத்துப் போயிற்று. தேர்தலிலும் அவர் தோற்றார்.

கிளி பறக்கட்டும். சீட்டு என்ன பாவம் செய்தது?

சில வருஷம் முன்பு ஐப்பசி துலா ஸ்நானத்துக்கு மாயவரம் போனபோது, துலாக்கட்டத்தில் ஒரு பழைய ஜோசியரைப் பார்த்தேன். கூண்டு இல்லை. கைரேகை மட்டும் பார்க்கிறார். சீட்டுக்கட்டு இருக்கிறதா என்று கேட்டதும், துண்டில் முடிந்து வைத்திருந்ததை அவிழ்த்தார். "கிளியை விட்டுட்டேன் சார். இதை யாரு கேக்குறா?" என்றார்.

படிக்கட்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். 27 நட்சத்திரத்துக்கு 27 சீட்டு. ராமர் பட்டாபிஷேகம் இருந்தது. மயானத்தில் அரிச்சந்திரன், பாம்பு, காக்கை வாகனத்தில் சனீஸ்வரன். வேளாங்கண்ணி மாதாவும் நாகூர் தர்காவும் அதே கட்டில் இருந்தன. யார் வந்து உட்கார்ந்தாலும் அவர்களுக்கும் ஒரு சீட்டு வேண்டும் அல்லவா என்றார். கடைசியில் ஒன்றைப் பார்த்து எனக்குச் சிலிர்த்துவிட்டது. லிங்கத்தைக் கட்டிக்கொண்ட மார்க்கண்டேயன், பின்னால் பாசக்கயிற்றோடு எமன். நம்ம ஊர்க் கதை! அறுபதும் எண்பதும் கண்டவர்கள் மாலை மாற்றிக்கொள்ள ஊர் ஊராகக் கிளம்பி வருகிறார்களே, அவர்கள் நம்பி வருவது இந்த ஒரு படத்தைத்தான்.

"கெட்ட சீட்டு வந்தா என்ன சொல்வீங்க?" என்று கேட்டேன். "கெட்ட சீட்டுன்னு ஒண்ணு கிடையாது சார். அரிச்சந்திரன் வந்தா, சுடுகாடு வரைக்கும் போனவனுக்கே ராஜ்யம் திரும்பி வந்துச்சேன்னு சொல்லுவேன். வந்தவங்க எழுந்து போகும்போது தெம்பாப் போகணும்" என்றார்.

அங்கேதான் எனக்கு விளங்கிற்று. படம் பாதிதான். ஒவ்வொரு சீட்டுக்கும் அவர் வாயிலிருக்கும் கதை மீதிப் பாதி. பேத்தியின் கட்டோடு அச்சிட்ட விளக்கப் புத்தகம் வருகிறது. இவர்களுடைய கட்டுக்குப் புத்தகம் அவர்களுடைய நாக்குதான். வரைந்தவர் பெயரும் தெரியாது, சொன்னவர் பெயரும் நிற்காது.

அவர் சம்மதத்தோடு 27 சீட்டையும் செல்போனில் படம் எடுத்தேன். ஒன்பது சீட்டுக்கு அவர் சொன்னதை எழுதிக்கொண்டேன். அதற்குள் இருட்டிவிட்டது, பஸ்ஸுக்கு நேரமாயிற்று. அடுத்த மாதம் போனேன்; அவர் அங்கே இல்லை. பக்கத்துப் பூக்கடையில் விசாரித்தேன், அவர்களுக்கும் தெரியவில்லை. பதினெட்டுச் சீட்டுகளுக்குக் கதை இல்லாமல் வெறும் படம் மட்டும் என்னிடம் இருக்கிறது.

உங்கள் ஊரில் யாரிடமாவது இப்படி ஒரு கட்டு இருந்தால், பழைய குப்பையோடு போட விடாதீர்கள். படம் எடுங்கள். அதற்கு முன்னால் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு சீட்டுக்கும் என்ன சொல்வார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இருட்டுகிறதே என்று பாதியில் எழுந்து வந்துவிடாதீர்கள்.