தால் என்ற மருத்துவரும் ஒரு களைச்செடியும்



கடுகுக் குடும்பத்தில் யாரும் சீண்டாத ஒரு செடி உண்டு. தாளிக்க உதவாது. எண்ணெய்க்காகவும் யாரும் பயிரிடுவதில்லை. ஒரு சாண் உயரம், கிண்ணத்துக்குள் அடங்கும் இலைக்கொத்து, மூன்று மில்லிமீட்டர் அளவில் நான்கிதழ் வெள்ளைப் பூ. பெயர் அராபிடாப்சிஸ் தாலியானா. தாவரவியல் படித்தவர்களுக்குப் பழகிய பெயர். அந்த ‘தாலியானா’ யார் என்பது பாடத்தில் வராது. இப்போது மணி அடிக்கப் போவதில்லை, சொல்லிவிடுகிறேன்.

ஜெர்மனியின் நடுவில் ஹார்ஸ் என்றொரு மலைத்தொடர். அதன் உச்சியான பிராக்கன் 1141 மீட்டர். நம் கொடைக்கானலில் பாதியைவிடச் சற்று அதிகம், அவ்வளவுதான். கல்லும் காடும் சுரங்கமுமான அந்தப் பகுதியில் 16ஆம் நூற்றாண்டில் மருத்துவம் பார்த்தவர் யோஹான்னஸ் தால். அக்காலத்துத் தாவர நூல்கள் பெரும்பாலும் மருந்து நூல்கள்தாம். எந்தச் செடி எந்த நோய்க்கு என்பதே பேச்சு. தால் கேட்டுக்கொண்ட கேள்வி வேறு: இந்த மலையில் என்னென்ன வளர்கின்றன? பார்த்ததையெல்லாம் அகர வரிசையில் எழுதினார். அதில் இந்தச் சின்னஞ்சிறு செடியும் இடம்பெற்றது. 1577இல் கையெழுத்துப் படியை நியூரம்பெர்க்கிலிருந்த மருத்துவர் யோவாகிம் காமெராரியஸுக்கு அனுப்பினார்.

அச்சாகவில்லை. 1583இல் குதிரை வண்டி விபத்தில் தால் இறந்துபோனார். நாற்பதை ஒட்டிய வயது.

இங்கேதான் எனக்குக் காமெராரியஸ் மீது மரியாதை கூடுகிறது. எழுதியவர் போய்விட்டார், கேட்க ஆளில்லை. கையிலிருந்ததைத் தன் பெயரில் சேர்த்துக்கொண்டாலும் யாருக்குத் தெரியும்? அவரோ 1588இல் பிராங்க்பர்ட்டில் தன் சொந்த நூலோடு சேர்த்து, தாலின் பெயரிலேயே அதை அச்சிட்டார். ‘சில்வா ஹெர்சீனியா’, அதாவது ஹார்ஸ் காடு. ஒரு குறிப்பிட்ட வட்டாரத்தின் தாவரங்களை மட்டும் பதிவுசெய்த முன்னோடி நூல்களில் ஒன்று. அந்த ஏடு காணாமல் போயிருந்தால் தாலும் போயிருப்பார்.

165 ஆண்டுகள் கழித்து, 1753இல் லின்னேயஸ் அந்தச் செடிக்குத் தாலின் பெயரைச் சேர்த்தார். பேரினப் பெயர் பிறகு 1842இல் மாறியது. தால் அப்படியே நின்றார்.

களையை யார் கவனிப்பார்? 1907இல் பிரெட்ரிக் லைபாக் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் இதன் குரோமோசோம்களை எண்ணினார். ஐந்தே ஜோடி! ஆய்வுக்கு இதைவிட வசதி வேண்டுமா என்று கேட்கத் தோன்றும். ஆனால் மரபியல் ஆய்வுக்கு இது ஏற்ற செடி என்று அவரே விரிவாக எடுத்துச் சொன்னது 1943இல், போருக்கு நடுவே. உலகம் காது கொடுக்க இன்னும் நாற்பது ஆண்டுகள் ஆயின.

விதைத்த ஆறு வாரத்தில் மறுபடி விதை. ஒரே செடியில் ஆயிரக்கணக்கில். தன் மகரந்தத்தாலேயே காய்க்கும். மரபணுத் தொகுதியும் சிறியது. அதனால்தான் 2000ஆம் ஆண்டில் நெல்லுக்கும் கோதுமைக்கும் முன்பாக, தாவரங்களிலேயே முதலாவதாக, இதன் மரபணு வரிசை வெளியானது. பயன் இல்லாத செடி என்றுதானே ஆரம்பித்தேன்? பூ எப்போது பூக்கும், வேர் எப்படி இறங்கும் என்று பயிர்களைப் பற்றி இன்று தெரிந்தவற்றில் பல இதிலிருந்து கற்றவை.

அப்பல்லோ வீரர்கள் கொண்டுவந்த நிலவு மண்ணில் இதை விதைத்துப் பார்த்ததைப் புளோரிடா பல்கலைக்கழகத்தார் 2022இல் வெளியிட்டார்கள். முளைத்தது. ஆனால் வளர்ச்சி குன்றியது. சில செடிகள் செம்ஊதாவாகக் கருத்தன.

உயிரியல் பக்கம் போன என் பிள்ளைகள் யாராவது இதை ஆய்வகத்தில் வளர்த்திருந்தால் கீழே எழுதுங்கள். படம் இருந்தால் போடுங்கள், நேரில் பார்த்ததில்லை.