கல்வீடும் திராட்சைக் கொடியும்

அட்ரியாட்டிக் கடலின் கீழைக் கரையில், குரோசிய நாட்டின் தால்மேசியப் பகுதியில், பழைய கல்வீடுகள் இன்றும் விலைக்கு வருகின்றன. சுவர் உறுதியாக நிற்கும், கூரை இராது. வாங்குவோர் முழுதும் புதுக்கிக் கட்டவேண்டும். நூற்றாண்டுகள் நிற்கக் கட்டிய வீட்டை மக்கள் ஏன் கைவிட்டனர்? இதற்கு விடை கல்லில் இல்லை, கொடியில் இருக்கிறது.

தால்மேசியா சுண்ணாம்புக்கல் நிலம். உரோமப் பேரரசன் தயோக்ளீசியன், கி.பி. 300ஐ ஒட்டி ஸ்பிளிட் நகரில் எழுப்பிய மாளிகைக்குப் பிராச் தீவின் வெள்ளைக் கல் பயன்பட்டது. உழவனும் கல்லாலேயே வீடு கட்டினான். கீழ்த்தளத்தில் மதுப் பீப்பாய்கள்; மேல்தளத்தில் குடியிருப்பு. கூரையிலும் கற்பலகைகளைப் பரப்பினர். நீர்வளம் குன்றிய தீவுகளில், கூரைமேல் விழும் மழைநீரைத் தொட்டியில் சேர்த்துப் பருகினர்.

1860ஆம் ஆண்டுகளில் பில்லாக்சரா என்னும் சிறு பூச்சி, வேரின் சாற்றை உறிஞ்சிப் பிரெஞ்சுத் திராட்சைத் தோட்டங்களை அழிக்கத் தொடங்கியது. அதனால் தால்மேசிய மதுவுக்குக் கிராக்கி மிகுந்தது. கற்சரிவெல்லாம் கொடி படர்ந்தது. ஆனால் 1891இல் ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசு இத்தாலியுடன் செய்துகொண்ட வணிக உடன்படிக்கை, இத்தாலிய மதுவுக்குத் தீர்வையைக் குறைத்தது. தால்மேசிய மதுவின் விலை வீழ்ந்தது. 1894இல் அதே பூச்சி தால்மேசியாவிலும் நுழைந்தது. ஒரு பயிரையே நம்பியிருந்த மக்கள் அமெரிக்காவுக்கும் சிலிக்கும் கப்பலேறினர்; நியூசிலாந்து சென்றோர் பலர் மண்ணைத் தோண்டிக் கவுரிப் பிசின் எடுத்துப் பிழைத்தனர்.

வீடு பின்தங்கியது; உரிமையோ பேரன், பேத்திகளாகப் பெருகிக் கடல் கடந்து சிதறியது. உரிமையாளர் அனைவரும் இசைந்தாலன்றி முழு வீட்டையும் விற்க இயலாது. அதற்குள் மழைநீர் இறங்கி உத்திரம் உளுத்துக் கூரை சரிந்துவிடும்.

அதனைப் புதுக்குவதிலும் ஒரு நுட்பம் உண்டு. பழஞ்சுவரில் உள்ள சுண்ணாம்புக் காரை ஈரத்தை வெளியே விடும். சிமெண்டு பூசினால் ஈரமும் கடலுப்பும் உள்ளே தங்கும். உப்பு படிகமாகிக் கல்லையே பொடிக்கும். பிராச் தீவின் புச்சிஷ்சாவில் உள்ள கல்தச்சுப் பள்ளி இளைஞர்க்குக் கைத்தொழிலைக் கற்பிக்கிறது. குரோசியா உள்ளிட்ட எட்டு நாடுகளின் காரையின்றிக் கல்லடுக்கும் கலையை 2018இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது.

கல்லுக்குத் தச்சன் கிடைக்கிறான். ஆனால் புதுக்கிய வீடுகள் பல கோடை விடுமுறைக்கு மட்டுமே திறக்கப்படுகின்றன. கூரையைத் தாங்குவது சுவர். குடியைத் தாங்குவது தொழில். தொழில் திரும்பாத ஊரில், செப்பனிட்ட வீடும் ஆண்டின் பெரும்பகுதி பூட்டியே கிடக்கும்.