கட்டலோனியாவில் ஒரு நாள்: உரித்தெடுத்த ஓவியமும் கைகோத்த ஆட்டமும்

கொஞ்சம் நீண்ட பதிவு, ஆறுதலாக வாசியுங்கள்.

பார்சிலோனாவில் எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு நாள். காலையில் மொன்ஜுயிக் குன்றிலுள்ள கட்டலோனியாத் தேசியக் கலை நூதனசாலைக்குப் போனேன். உள்ளே 900 வருடப் பழைமையான தேவாலய ஓவியங்கள். பிரதி அல்ல, மலைக் கிராமங்களின் சுவர்களில் இருந்தவையேதான். தாஊல் என்ற கிராமத்துத் தேவாலயம் 1123இல் திறக்கப்பட்டது. அதன் ஓவியத்துக்கு முன்னால் கனநேரம் நின்றேன்.

இவை இங்கே வந்த கதை விசித்திரமானது. 1919 அளவில் மூர் என்ற ஊரின் ஓவியத்தை வியாபாரிகள் வாங்கிக் கழற்றினார்கள். அது இன்று அமெரிக்காவில், பொஸ்டன் நூதனசாலையில் இருக்கிறது. பார்சிலோனாவின் நூதனசாலைச் சபை அப்போதுதான் விழித்துக்கொண்டது. மிஞ்சியதைக் காப்பாற்ற யாரைப் பிடித்தார்கள் தெரியுமா? வியாபாரிக்காகக் கழற்றிய அதே இத்தாலியர்களை! ஓவியத்தின் மேல் பசை பூசித் துணியை ஒட்டி, காய்ந்ததும் உரித்தால் வர்ணப் படை துணியோடு வந்துவிடும். அந்த வித்தை அவர்களுக்குத்தான் தெரிந்திருந்தது.

பிறகு கதீட்ரல் முற்றத்துக்கு வந்தேன். வார இறுதிகளில் அங்கே சர்தானா ஆடுவார்கள். பைகளையும் மேற்சட்டைகளையும் நடுவில் குவித்துவிட்டு, அதைச் சுற்றிக் கைகோத்து வட்டமாக நிற்கிறார்கள். பெரும்பாலும் வயதானவர்கள். குட்டை அடிகளுக்குக் கை கீழே, நெட்டை அடிகளுக்குக் கை மேலே. இசை முடியும் இடத்தில் காலும் சரியாக முடியவேண்டும் என்பதால் எண்ணிக்கொண்டே ஆடுகிறார்கள். கணக்குப் பாடத்துக்குப் பயந்த என் மாணவர்களை நினைத்துச் சிரித்துக்கொண்டேன். தெரியாத ஆளும் இடையில் சேரலாம். ஒரு ஜோடியைப் பிரிக்கும் இடத்தில் மட்டும் நுழையக்கூடாது.

கட்டலான் மக்களின் அடையாளமே இந்த ஆட்டம்தான். பிறிமோ டி ரிவேராவின் சர்வாதிகாரம் 1924இல் 'லா சாந்தா எஸ்பினா' என்ற சர்தானாவைத் தடைசெய்தது. ஆனால் சர்தானாவுக்கு இன்றைய வடிவம் கொடுத்த பெப் வென்துரா பிறந்தது கட்டலோனியாவில் அல்ல. 1817இல் தெற்கே அந்தலூசியாவில் பிறந்தார். தகப்பன் படைவீரர். பிள்ளையாக இருக்கும்போதே குடும்பம் வடக்கே வந்துவிட்டது. குட்டையாக இருந்த ஆட்டத்தை நீட்டியதும், தெனோரா என்ற ஊதுகருவியை வாத்தியக் குழுவின் முன்னால் கொண்டுவந்ததும் அவர்தான். 'இது எங்கட மட்டும்' என்று எதையாவது உரக்கச் சொல்பவர்களைக் காணும்போது இனி எனக்கு இவர் ஞாபகம்தான் வரும்.

முற்றத்துக்கு எதிரே கட்டடக் கலைஞர் சங்கத்தின் கட்டடம். அதன் சுவர்ச் சித்திரங்களை வரைந்தவர் பிக்காசோ. அவரும் அந்தலூசியாக்காரர்தான், மாலகாவில் பிறந்தவர். உள்ளே ஒரு சுவரில் சர்தானா வட்டமும் இருக்கிறது. அவர் வரைந்தனுப்பியதை கார்ல் நெஷார் என்ற நோர்வேக்காரர் மணலைப் பீச்சி கொங்கிறீற்றில் செதுக்கினார். 1962இல் திறந்தார்கள்.

பிராங்கோவின் ஆட்சி இருக்கும்வரை ஸ்பெயின் மண்ணை மிதிப்பதில்லை என்று பிக்காசோ இருந்தார். 1973இல் பிரான்சில் இறந்தார். பிராங்கோ இறந்தது 1975இல். அந்தச் சுவரை அவர் நேரில் பார்க்கவேயில்லை.