பொன்னும் வெள்ளியும்: ஊவாத் தோட்டத்துப் பெண்டிரின் அணிகலன்கள்

பொன்னணியோடு வெள்ளியணியைச் சேர்த்து அணிவது இன்று புதிய நாகரிகமாகப் பேசப்படுகின்றது. மஞ்சட் பொன்னும் வெண்பொன்னும் ஒரே மோதிரத்தில் பின்னிக் கிடப்பதைப் பதுளைக் கடைவீதியின் கண்ணாடிப் பெட்டிகளில் நாம் காண்கின்றோம். இது மேனாட்டார் கண்ட புதுமை என்றே நம்முட் பலர் எண்ணுகின்றனர். பாரிஸ் நகரத்துக் கார்ட்டியே நிறுவனத்தார் வெண்மை, மஞ்சள், செம்மை என்னும் மூன்று நிற வளையங்களைக் கோத்து ஒரு மோதிரம் செய்து புகழ் பெற்றனர் என்பது உண்மையே. அது 1924ஆம் ஆண்டு. அதே ஆண்டில்தான் பதுளைக்குப் புகைவண்டியும் வந்து சேர்ந்தது. அவ்வண்டியில் ஏறியிறங்கிய நம் பூட்டிமாரின் உடலிலே பொன்னும் வெள்ளியும் பித்தளையும் முன்னரே கூடி வாழ்ந்தன. அவர்களுக்கு அதனை எந்தப் பாரிஸ் நகரமும் கற்றுக் கொடுத்ததில்லை.

எந்த உலோகம் எங்கே இருந்தது என்று சற்று நோக்குவோம். காதிலே தண்டட்டி அல்லது பாம்படம். மெல்லிய பொற்றகட்டால் செய்து உள்ளே அரக்கு நிரப்பிய அணி இது. பார்வைக்குப் பெரிது, பொன்னோ குறைவு. மூக்கிலே பொன் மூக்குத்தி. கழுத்திலே மஞ்சட் கயிற்றிற் கோத்த பொற்றாலி. வசதியுள்ளோர்க்கு அதனுடன் இரண்டொரு காசு. கையிலே வெள்ளிக் காப்பு, அல்லது பித்தளைக் காப்பு, அவற்றினிடையே கண்ணாடி வளையல். காலிலே வெள்ளித் தண்டை, கொலுசு. விரலிலே வெள்ளி மெட்டி. குழந்தையின் இடையில் வெள்ளி அரைஞாண். கொழும்பிலிருந்த ஸ்கீன், பிளாட்டே முதலிய படப்பிடிப்பு நிலையத்தார் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தையொட்டி எடுத்து, அஞ்சலட்டையாக விற்ற படங்களில் இவற்றுட் பலவற்றை இன்றும் காணலாம். கூடத்திலே நிறுத்தி எடுத்த படங்களும் அவற்றுள் உண்டு. ஆதலால் அணிந்ததெல்லாம் அவரவர் உடைமையே என்று துணிந்து சொல்லல் ஆகாது. ஆயினும் எது மேலே, எது கீழே என்னும் முறை படத்துக்குப் படம் மாறவில்லை. மாறாத மற்றொன்றும் உண்டு: அப்பெண்டிரின் பெயர் எங்கும் இல்லை. ‘தமிழ்க் கூலிப் பெண்’ என்பதோடு அச்செழுத்து முடிந்துவிடும்.

பொன் இலக்குமி, ஆகையால் அரைக்குக் கீழே அணியலாகாது என்று நம் வீட்டுப் பெரியோர் கூறுவர். மிஷன் பாடசாலையிற் பயின்ற நமக்கு இதைக் கேட்டதும் தானியேல் ஆகமத்திலே நேபுகாத்நேச்சார் அரசன் கனவிற் கண்ட சிலை நினைவுக்கு வருகின்றது. அதற்குத் தலை பொன், மார்பும் புயங்களும் வெள்ளி, வயிறும் தொடையும் வெண்கலம், கால்கள் இரும்பு, பாதமோ பாதி இரும்பும் பாதி களிமண்ணும். நம் தோட்டத்துப் பெண்ணின் பாதத்திலும் களிமண் உண்டுதான். அது தேயிலை மலையின் சேறு.

ஆனால் இவ்விதி என்றும் இருந்ததா? சிலப்பதிகாரம் கற்றோர் யாவரும் அறிவர், கண்ணகி காலில் அணிந்தது பொற்சிலம்பு. அதன் பரல் மாணிக்கமா முத்தா என்பதன்றோ வழக்கு? பொன் காலிற் படலாமா என்று பாண்டியன் அவையில் எவரும் வினவவில்லை. பூம்புகார் வணிகன் மகளைத் தடுக்காத விதி, தோட்டத்துப் பெண்ணைத் தடுத்ததென்றால், அவ்விதியின் உள்ளே வேறொரு கணக்கு இருத்தல் வேண்டும் என்பது நம் கருத்து.

அக்கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 1927ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 1929இல் மலைநாட்டுத் தோட்டங்களுக்கு வகுக்கப்பட்ட குறைந்த நாட்கூலி ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவர்க்கு 32 சதம். அப்போது ஓர் ஆங்கிலப் பவுனின் பெறுமதி ரூபாய் 13க்குச் சற்று மேல். ஆகவே ஒரு பவுனுக்கு ஒரு பெண் ஏறக்குறைய 31 நாள் கொழுந்து பறிக்க வேண்டும். அந்த 31 நாளும் அரிசிக்கு ஒரு சதமும் செலவிடாதிருக்க வேண்டும். வெள்ளி ரூபாய் ஒன்றுக்கோ இரண்டரை நாட் கூலியும் முழுதாக வேண்டியதில்லை. வெள்ளி ஏன் காலுக்கு வந்தது, பொன் ஏன் தாலியோடும் மூக்குத்தியோடும் நின்றது என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டுமா?

இங்கே பொற்கொல்லர் அறிந்த ஒரு நுட்பம் கூறத்தக்கது. பவுன் என்னும் காசில் 12 பங்கில் 11 பங்கு பொன். எஞ்சிய ஒரு பங்கு கலப்பு. அந்நாளைய இந்திய வெள்ளி ரூபாயிலும் 12இல் 11 பங்கு வெள்ளி. அதன் நிறை சரியாக ஒரு தோலா, அதாவது ஏறத்தாழ 11.66 கிராம். அந்த ரூபாய் இலங்கையிலும் செல்லும் நாணயமாயிருந்தது. ஆகவே காசைக் கொடுத்து அணி செய்விப்பவருக்கு உலோகத்தின் தரமும் தெரியும், நிறையும் தெரியும். தராசின் மறுதட்டிலே இன்னொரு ரூபாயை வைத்தாற் போதும். எழுத்தறியாதவரை ஏமாற்றுவது அவ்வளவு எளிதன்று. 1940இல் இந்திய அரசு ரூபாயின் வெள்ளியைப் பாதியாகக் குறைத்தது; 1947இல் வெள்ளியே இல்லாத நிக்கல் ரூபாய் வந்தது. காசை உருக்கித் தண்டை செய்த காலம் அத்துடன் முடிந்தது.

கலப்பு என்பது இழிவு என்று நம்முன்னோர் கருதியதில்லை. மிகத் தூய பொன் மென்மையானது, வளைந்துவிடும். செம்பு சேர்ந்தால் உறுதி கூடிச் சிவக்கும். வெள்ளி சேர்ந்தால் வெளிறும். எவ்வளவு சேர்ந்தது என்பதை உரைகல்லில் உரைத்து ‘மாற்று’ என்று அளந்தனர். பத்தரை மாற்றே உயர்ந்தது. முதலாம் இராசராசன் தஞ்சைப் பெருங்கோயிலுக்கு ஈந்த அணிகளை ‘ஆடவல்லான்’ என்னும் கல்லால் நிறுத்துக் கழஞ்சு, மஞ்சாடி, குன்றி எனக் கல்லிலே பொறித்தனர். நாகர்கோவிலை அடுத்த வடசேரியில் செய்யப்படும் கோயில் நகைகளுக்கு உடல் வெள்ளி, மேற்போர்வை பொன். நம் மாணவியர் பரத நாட்டிய மேடையில் அணிபவை பெரும்பாலும் அவற்றின் போலிகளே. பட்டுச் சேலையின் நல்ல சரிகையும் பொன் முலாம் பூசிய வெள்ளி இழைதான். இவ்வாறு வெள்ளியைப் பொன்னுக்குள் மறைத்து அணிவோர், காலில் வெளிப்படையாக வெள்ளி அணிந்தவளை ஏளனம் செய்தது வேடிக்கை.

ஊவாவிலே நம் அயலவரான சிங்களக் கைவினைஞரும் உலோக நிறங்களைக் கலப்பதில் வல்லவராயிருந்தனர். 1815 வரை கண்டி இராச்சியத்தைச் சேர்ந்திருந்த நாடு இது. கண்டிக் கைவினையை ஆராய்ந்து 1908இல் பெருநூல் வெளியிட்டவர் ஆனந்த குமாரசுவாமி. பித்தளையிலும் இரும்பிலும் வெள்ளியும் செம்பும் பதித்த பாக்குவெட்டிகளையும் சுண்ணாம்புப் பெட்டிகளையும் பற்றி அவர் எழுதியுள்ளார். வெற்றிலை போடுவதில் நம்மவரும் சளைத்தவரல்லர். அவ்வேலைப்பாட்டைச் சந்தையிற் கண்டு வியந்திருப்பர் என்று கொள்வதில் தவறில்லை.

இனி, நாம் முக்கியமாகக் கருதும் செய்திக்கு வருவோம். 1830களிற் கோப்பிக்காகவும், 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபின் தேயிலைக்காகவும் இம்மலைகளுக்கு வந்தோர் திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம் முதலிய மாவட்டத்தார். அவர்களுட் பெருந்தொகையினர் ஊரிலே தாழ்த்தி வைக்கப்பட்டோர். அங்கே அவர்கள் நிலை யாது? 1930 டிசம்பரில், இராமநாதபுரத்திலே ஆதிதிராவிடர் மீது ஊர் ஆதிக்கக்காரர் எட்டுத் தடைகள் விதித்தனர். அவற்றுள் முதலாவது, அவர்கள் பொன்னும் வெள்ளியும் அணியலாகாது என்பது. மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன. 1931ஆம் ஆண்டுக் குடிக்கணக்கு ஆணையாளராயிருந்த ஹட்டன் இதனைத் தம் நூலில் எழுதிவைத்துள்ளார். அதற்கு முந்தைய ஆண்டிலேதான் இங்கே 43 சதக் கூலி வகுக்கப்பட்டது. கூலி சிறிது, ஆனால் அதிலே மிச்சம் பிடித்து ஒரு தண்டை செய்து, லயத்து வாசலிலே ஓசை கேட்க நடந்த பெண்ணை எவரும் குடிசை கொளுத்தி அடக்கவில்லை. தோட்டத்திலே சாதி மறைந்துவிட்டது என்று நாம் கூறவில்லை. லயங்களும் கங்காணிமாரின் மனமும் அதனை நன்றாகவே காத்தன. ஆயினும் ஊரிலே வெள்ளிக்கும் தடையுண்டு, இங்கே இல்லை. அவள் காலில் இருந்தது ஏழ்மையின் அடையாளம் என்று கூறுவோர் இதனை அறிந்து கூறுவாராக.

இவ்வணிகள் எங்கே போயின? 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கென ஒதுக்கியது; சென்றவர்களோடு பல சென்றன. எஞ்சியவற்றைக் காலமே தின்றது. தண்டட்டி அணிந்து நீண்ட காதை இளையோர் நாணினர். வங்கிகள் பொன்னுக்குத்தான் அடகுக்கடன் தரும். வெள்ளியை எடுத்துச் சென்றால் மதிப்பில்லை. ஆகவே 2022 நெருக்கடியின்போது தாலியும் தோடும் அடகுக்குப் போயின; பழைய தண்டையோ நிறைக்கு விற்கப்பட்டு உருக்கப்பட்டது. அடகு வைத்த பொன் ஒருநாள் திரும்பக்கூடும், உருக்கிய தண்டை திரும்புவதில்லை.

நம் அங்கத்தவர் வீடுகளில் இன்னும் பெட்டியடியிற் கிடக்கும் வெள்ளியணிகளை எண்ணிப் பார்க்க ஒரு வாரம் போதுமென்பது நம் மதிப்பீடு. நிறுக்க ஒரு தராசும், படமெடுக்க ஒரு கைப்பேசியும் எவரிடமும் உண்டு. அணியின் பெயர், அதனை வீட்டார் வழங்கும் சொல், எவ்வூர்த் தட்டார் செய்தது, எத்தனை காசு உருக்கியது என்பவற்றைப் பாட்டிமாரிடம் கேட்டு எழுதல் வேண்டும். அணிந்தவரின் பெயரை முதலில் எழுதுக. தண்டையாயின் உள்ளீடற்றதா, உள்ளே பரல் உண்டா என்பதையும் குலுக்கிப் பார்த்துக் குறித்துக்கொள்ளலாம்.