சோதனைச் சுடுகை (ரைஃபிள்)

புதிய ரைஃபிளின் விசை, கட்டை, குறிநோக்கி எதிலும் கைவைக்கும் முன், அதை வந்த நிலையிலேயே சுட்டுப் பார்த்தல். துப்பாக்கியைத் தாங்கியில் நிறுத்தி, ஒரே வகைத் தோட்டாவை ஒரே தூரத்திலிருந்து, குழல் சூடேறாமல் இடைவெளி விட்டுச் சுட வேண்டும். இப்படிச் சுட்டதன் பதிவு கையில் இல்லாவிட்டால், பின்னர் செய்த மாற்றம் பயன் தந்ததா, கெடுத்ததா என்று சொல்லவே முடியாது. குண்டுகள் நெருங்கி விழுந்து, இலக்கிலிருந்து மட்டும் விலகியிருந்தால் குறிநோக்கியைத் திருத்துவதே போதும். சிதறினால், முதலில் தோட்டா வகையை மாற்றிப் பார்க்கலாம். குழல் கட்டையோடு பொருந்தும் இடத்தையும் திருகுகளையும் அதன்பின் ஆராயலாம். பலர் அவசரப்பட்டு நல்ல குழலைப் பாழாக்குவது இங்கேதான்.

ஆலையில் நடக்கும் தாங்குதிறன் சோதனை வேறு. அதில் வழக்கத்தைவிட அதிக அழுத்தம் தரும் தோட்டாவைச் சுட்டு, தேறியதற்கு முத்திரை இடுவர்.

தோட்டாவின் அழுத்தத்துக்கேற்ப ரைஃபிளை மாற்றியதற்கு இஷாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலை நல்ல சான்று. 1962 இந்திய–சீனப் போருக்குப் பின் .303 லீ–என்ஃபீல்டு வடிவத்தை 7.62 மி.மீ. நேட்டோ தோட்டாவுக்கு ஏற்ப அது மாற்றியது. புதிய தோட்டாவின் கூடுதல் அழுத்தத்துக்காக வலுவான எஃகு பயன்பட்டது. பின்வந்த 2ஏ1 என்ற வகையில், 2000 வரை இருந்த குறிநோக்கி அளவு 800 மீட்டராகக் குறைக்கப்பட்டது.