நாரைகளின் மேல் எழுதிய பாக்கள்

ஜப்பானின் கியோட்டோ தேசிய அருங்காட்சியகத்தில் 13 மீட்டருக்கும் மேல் நீளமுள்ள காகிதச் சுருள் ஒன்று காக்கப்பட்டு வருகின்றது. வலப்புறமிருந்து அதை விரித்தால், பொன்னாலும் வெள்ளியாலும் தீட்டிய நாரைக் கூட்டம் கரையிலிருந்து எழுந்து, கடல்மேல் பறந்து, மீண்டும் நீரோரம் இறங்குகின்றது. அந்த நாரைகளின் சிறகுகள் மேலும் கழுத்துகள் மேலும் கரிய மையில் 36 கவிஞர்களின் பாக்கள் எழுதப்பட்டுள்ளன.

17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இருவர் சேர்ந்து செய்த பணி இது. ஓவியர் தவாராயா சோதாத்சு, கியோட்டோவில் விசிறி ஓவியங்களுக்குப் பெயர்பெற்ற கடையை நடத்தியவர். எழுதியவர் ஹொனாமி கோயெத்சு (1558–1637), வாள்களுக்கு மெருகேற்றி மதிப்பிடும் குடும்பத்தில் பிறந்தவர். பாக்களோ இவ்விருவருக்கும் பல நூற்றாண்டுகள் முந்தியவை.

முதலில் ஓவியம், அதன் பின்னரே எழுத்து. தம் நாரைகள் மேல் மற்றொருவரின் மை ஓடும் என அறிந்தே சோதாத்சு தூரிகையை எடுத்தார். இதைப் பணிவு என்று சொல்லிவிடலாம். எனக்கென்னவோ பெருந்துணிவாகவே தோன்றுகின்றது. மரமில்லை, மலையில்லை, பறவையும் அலையும் பனிமூட்டமும் மட்டுமே. எஞ்சிய வெளியெல்லாம் எழுதுகிறவருக்கு விட்டது. கோயெத்சுவின் எழுத்தும் ஒரே சீராய்ச் செல்லவில்லை. ஓரிடத்தில் கனத்தும் ஓரிடத்தில் நூலிழையாய் மெலிந்தும், பறவைகளின் ஏற்ற இறக்கத்தோடு அசைகின்றது.

தொடக்கத்திலேயே ஒரு பிழை! முதற் கவிஞர் ஹிதோமாரோவின் பெயரில் ஓர் எழுத்தைக் கோயெத்சு விட்டுவிட்டார். பின்னர் அதைப் பக்கத்தில் சிறிதாய்ச் சேர்த்தார். அடியில் இருப்பது நண்பரின் ஓவியம், அழித்தெழுத வழியேது? நாலு நூற்றாண்டுகளாக அந்தச் சிற்றெழுத்து அங்கேயே நிற்கின்றது.

இவ்விருவரின் மான் சுருளுக்கு இத்தகைய நற்பேறு வாய்க்கவில்லை. இலையுதிர் காலப் பாடல்கள் 28 கொண்ட அச்சுருள் 20ஆம் நூற்றாண்டில் துண்டாடப்பட்டது. பாட்டுக்குப் பாட்டு வெட்டினால் பாட்டு முழுதாய்க் கிடைக்கும். சுருள் நெடுக நடந்த மான் கூட்டம் சிதறிப்போகும். அப்படியே ஆயிற்று. துண்டுகள் ஜப்பானில் பல இடங்களுக்குப் போயின. பின்பாதி மட்டும் வெட்டுப்படாமல் அமெரிக்காவின் சியாட்டில் கலை அருங்காட்சியகத்தில் இருக்கின்றது.